பீமுக்கு இந்தப் பக்கம்

செம்மலை அந்த வேலைக்கு இழுத்துவிட்டது அவனுடைய அக்கா அடைக்கலமேரிதான். திருக்கோகர்ணத்தில் புதிதாகத் திறந்திருந்த அழகம்மாள் மகாலில் அவள் சமையல்கட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலைமைச் சமையல்காரர் பெரியண்ணனுக்கு அடுத்தபடி அங்கே அவள் சொல்தான் எடுபடும். சாம்பாரில் உப்புப் பார்ப்பதிலிருந்து, பந்திக்கு எந்த அண்டா முதலில் போக வேண்டும் என்பதுவரை மற்றப் பெண்கள் அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்ததும், முக்காட்டைத் தோளில் இறக்கிவிட்டுக்கொண்டு தம்பியைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“மொதலாளிட்ட ஒன்னையப் பத்திச் சொல்லிருக்கேன்டா. எந்தம்பி சிங்கப்பூர்ல பெரிய பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் காத்துக் கொழாய் மாட்டுனவன், அவன் வந்தான்னா இந்தப் பொகைக்கு ஒரு வழி பண்ணிருவான்னு. நாளைக்கு வந்துரு.”

“என்னக்கா, நான் எடத்தப் பாக்கவே இல்ல. அதுக்குள்ள சொல்லிட்ட?”

“பாத்தா என்ன? பொகை வெளியே போகணும். அம்புட்டுத்தானே?”

செம்மல் சிரித்தான். அக்கா சொன்னால் அவனுக்கு அதற்குமேல் பேச்சு வராது. அம்மா இறந்தபோது அவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனுக்குத் தலைவாரி, சோறு கட்டி, வல்லத்திராக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளை இல்லை. அவள் புருஷன் சவரியப்பன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டுக்கு எதிர்வீட்டிலேயே குடியிருந்தாள். செம்மலின் பிள்ளைகள் பாதி நாள் அவள் வீட்டில்தான் சாப்பிடும்.

சிங்கப்பூரில் செம்மல் கழித்ததெல்லாம் தகரக் குழாய்களோடுதான். டக்ட் என்று சொன்னால்தான் அங்கே தெரியும். ஆள் நுழைந்து போகும் அளவு பெரியதிலிருந்து கை நுழையும் அளவு சிறியதுவரை ஆயிரக்கணக்கில் தூக்கி மாட்டியிருக்கிறான். அங்கே ஒரு சௌகரியம். கட்டடத்துக்குக் கான்கிரீட் பீம் வார்க்கும்போதே குழாய் போவதற்கு ஓட்டை விட்டிருப்பார்கள். எந்த மாடியில், எந்த பீமில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று எல்லாம் வரைபடத்தில் இருக்கும். இவர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு போனால் ஓட்டை இவர்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். முட்டி தேய்ந்து ஊருக்குத் திரும்பியபின் புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டான். தகரம் மடிக்கும் மெஷின் ஒன்று, உதவிக்கு இரண்டு ஆட்கள். பேக்கரி அடுப்புக்கும் ஓட்டல் அடுப்புக்கும் புகைக்கூண்டு செய்து கொடுப்பான். எல்லாம் ஒற்றை மாடிக் கட்டடங்கள். சுவரில் ஒரு ஓட்டை, வெளியே ஒரு குழாய், மேலே ஒரு தொப்பி. அதோடு முடிந்துவிடும்.

மறுநாள் மகாலுக்குப் போனபோது ஒரு காதுகுத்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. சமையல்கட்டுக்குள் நுழைந்ததுமே அவன் கண் எரிந்தது. யாரோ மிளகாய் வற்றலைத் தாளித்திருந்தார்கள். அந்த நெடி கூரையில் முட்டித் திரும்பி, ஆள் தலைமட்டத்துக்கு இறங்கி நின்றது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தே நடந்தார்கள். நிமிர்ந்தால் இருமல் வரும் என்று பழகிவிட்டிருந்தார்கள்.

செம்மல் அண்ணாந்து பார்த்தான். பீம் தெரிந்தது.

கீழே சாப்பாட்டுக்கூடம், மேலே கல்யாணக்கூடம். இரண்டிலும் நடுவில் தூணே கிடையாது. அதுதான் அந்த மகாலின் பெருமை. மண்டபம் பார்க்க வருகிறவர்கள்கூட அதைச் சொல்வார்கள். தூண் இல்லாததால் அத்தனை பாரத்தையும் பீம்கள் தாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடி ஆழம். அதில் ஒன்று சமையல்கட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. பீமுக்கு இந்தப் பக்கம் அடுப்புகள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் இடம். அதைத் தாண்டித்தான் திறந்தவெளி. புகை மேலே எழும்பி, பீமில் இடித்து, இந்தப் பக்கமே தங்கிவிடும். அது நிறைந்து வழிந்து பீமுக்கு அடியில் நுழைந்து வெளியே போவதற்குள் அடுப்படியில் நிற்பவர்கள் அதைத்தான் குடித்தாக வேண்டும்.

மகாலின் முதலாளி ஆவுடையப்பன் அரிசி ஆலை வைத்திருந்தவர். நல்ல மனிதர். சமையல்கட்டுக்குள் வந்து நின்று தானும் இருமிக்காட்டினார்.

“தம்பி, நான் என்னமோ பேன் ரெண்டு மாட்டுனா போயிரும்னு நெனச்சேன். போகல. இந்தப் புள்ளைக படுற பாட்டப் பாக்க முடியல. அந்த பீம்ல ஒரு ஓட்டையப் போட்டுக் கொழாய விட்டுட்டா தீந்துச்சுல்ல?”

“அண்ணே, பீம்ல கைவைக்கக் கூடாதுண்ணே. எவ்வளவு பெரிய குழாய் போகணும்னு பாருங்க. ரெண்டடிக்கு ரெண்டடி. அவ்வளவு பெரிய ஓட்டை போட்டா உள்ள இருக்குற கம்பியெல்லாம் போயிரும்.”

“எதுக்கும் இன்ஜினியரக் கேட்டுருவோமே.”

கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த நிலவழகன் திருச்சியிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலி போட்டு ஏறி, பீமை உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“செம்மல் சொல்றது சரிதாங்க. இதுக்கு மேல முகூர்த்தத்தன்னிக்கு அறுநூறு பேர் உக்காந்திருப்பாங்க. நான் எப்படிங்க ஓட்டை போடச் சொல்ல முடியும்? வார்க்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கம்பிய மாத்திக் கட்டி ஓட்டை விட்டிருப்பேன். ஆனா என்கிட்ட வந்த டிராயிங்ல இங்க கிச்சனே இல்லையே? இது கார் நிறுத்துற எடம்னுல்ல போட்டிருந்துச்சு.”

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். “பின்னாடி கொட்டகை போட்டுச் சமைக்கலாம்னுதான் இருந்தோம். அப்புறம் மழைக்கு ஆகாதுன்னு எல்லாருஞ் சொல்லி… உள்ள கொண்டாந்துட்டோம்.”

யாரையும் குற்றம் சொல்ல முடியாதபடி இருந்தது அது. மேலே ஸ்லாபைத் துளைத்துப் போகலாமா என்று பார்த்தார்கள். அடுப்புக்கு நேர் மேலே மணவறை மேடை இருந்தது. வலப்பக்கம் சாப்பாட்டுக்கூடம். அந்த வழியாகக் குழாய் விட்டால் சாப்பிடுகிறவர்கள் தலைக்குமேல் எண்ணெய்ப்புகை போகும். மிச்சம் இருந்தது இடப்பக்கச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் ஒரு வீடு.

“அந்த டீச்சரம்மா கிட்ட நான் போய்க் கேக்க முடியாது. கட்டும்போதே எங்களுக்குள்ள கொஞ்சம் வாய்த்தகராறு. நீ போய்ப் பாரேன் தம்பி” என்றார் ஆவுடையப்பன்.

செம்மல் போனான். கதவைத் திறந்தவர் ஞானமணி, ஓய்வுபெற்ற டீச்சர். அவன் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்ததும், “எந்தப் பங்குக் கோயிலு?” என்று கேட்டு உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவன் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “இங்க வாங்க தம்பி” என்று பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்.

அந்த அறையில் கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்ட உடம்பு. தலைமாட்டில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கைநீட்டினால் தொடும் தூரத்தில் மகாலின் சுவர்.

“இவருக்கு இருக்குற காத்து இந்த ஜன்னல் ஒண்ணுதான். ஏசி போட்டா ஒத்துக்கல. ஒங்க ஆளுகளும் பாவந்தான், நான் இல்லேன்னு சொல்லல. நீங்களே பாத்துச் சொல்லுங்க. இங்கிட்டுப் பொகைய விடலாமா?”

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திருப்பி அவனைப் பார்த்தார். ஏதோ வந்திருக்கிற விருந்தாளி என்று நினைத்தாரோ என்னவோ, நல்ல கையைக் கொஞ்சம் தூக்கினார்.

“வேணாம் டீச்சர்” என்றான் செம்மல்.

கடைசியில் மிஞ்சியது ஒரே வழி. பீமுக்கு அடியில் போவது. ஆனால் பீமுக்கு அடியில்தான் ஆட்கள் நடக்கும் பாதை இருந்தது. அண்டாவை மூங்கிலில் கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டடி உயரக் குழாய் அங்கே தொங்கினால் நெற்றியில் இடிக்கும். அதனால் குழாயை அந்த இடத்தில் மட்டும் தட்டையாக்கினான். இரண்டடி உயரத்தை ஒரு சாணாகக் குறைத்து, அகலத்தை அகட்டி, பீமைத் தாண்டியதும் மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெளியே மொட்டைமாடிக்கு மேலே ஏற்றிவிட்டான். காற்று திரும்புகிற இடங்களில் உள்ளே வளைந்த தகடுகள் வைத்தான். புகையை இழுத்து வெளியே தள்ளும் புளோயரைப் பெரியதாக வாங்கச் சொன்னான். இப்படி வளைந்து நெளிந்து போகும் குழாயில் இழுவை குறையும், தட்டையான இடத்தில் எண்ணெய் தங்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஆவுடையப்பனிடம் சொல்லவும் செய்தான். தெரிந்துகொண்டேதான் அதைச் செய்தான். செய்யாமல் விட்டால் அக்கா குனிந்தே நடப்பாள்.

முதல் கல்யாணத்தன்று அவனும் போய் நின்றான். பெரியண்ணன் வாணலியில் வடையைப் போட்டார். புகை எழும்பியது, அடுப்புக்கு மேலிருந்த கூண்டுக்குள் வளைந்து நுழைந்தது, காணாமல் போயிற்று. பெண்கள் கைதட்டினார்கள். அடைக்கலமேரி இலையில் சூடாக இரண்டு வடையை வைத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று முழுவதும் நிமிர்ந்தே நடந்தாள். மேற்கூரை எவ்வளவு உயரம் என்று அப்போதுதான் பார்த்ததுபோல அடிக்கடி அண்ணாந்து பார்த்தாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு கல்யாணப் பருவம் தாங்கியது.

ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியபோது முதல் குறை மேலேயிருந்து வந்தது. தட்டையான குழாயில் காற்று நெருக்கிக்கொண்டு போகும்போது ஊளையிட்டது. பீம் வழியாக அந்தச் சத்தம் மணவறை மேடைக்கு ஏறியது. ஐயர் மந்திரம் சொல்லும்போது காலுக்கடியில் லாரி ஓடுவதுபோல இருக்கிறது என்று பெண்வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். செம்மல் குழாய்க்கும் பீமுக்கும் நடுவே ரப்பர் கொடுத்துப் பார்த்தான். கொஞ்சம் குறைந்தது. போதவில்லை. மகால் மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்தார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு புளோயரின் சுவிட்சை மேலே மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மாற்றிக்கொண்டார். தாலி கட்டும் நேரத்துக்கு அணைத்துவிட்டு, பிறகு போட்டுவிடுவார். சிலசமயம் போட மறந்துவிடுவார்.

இரண்டாவது குறை கீழே. செம்மல் பயந்ததுபோலவே தட்டையான இடத்தில் எண்ணெய் தங்கி, தூசி சேர்ந்து, களியாக இறுகியது. அடியில் ஒரு கதவு வைத்திருந்தான். மாதத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து, கரண்டியால் சுரண்டி வாளியில் எடுப்பான். எடுத்த மறுவாரமே பாதி அடைந்துவிடும். பெரியண்ணன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

“நாங்க சுடுற வடைய எண்ணி முடியாது தம்பி. நீ சுரண்டியும் முடியாது.”

அடைக்கலமேரிக்கு இருமல் வந்தது அந்த ஐப்பசியில். மழைச்சளி என்றாள். கார்த்திகையிலும் போகவில்லை. செம்மலின் மனைவி பிளெஸ்ஸி வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன வேலை என்று விசாரித்தார். புகை பக்கமே போகக் கூடாதும்மா என்று சொல்லி, உறிஞ்சும் மருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பிளெஸ்ஸி புருஷனிடம் சொன்னாள். “அண்ணிய நிறுத்திக்கிறச் சொல்லுங்க. நம்ம வீட்டுல ஒரு வாய்ச் சோத்துக்கா பஞ்சம்?”

செம்மல் எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னான். அடைக்கலமேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சோத்துக்கா நான் அங்க போறேன்? வீட்டுல இருந்தா நான் யாருடா? செத்துப்போன சவரியப்பன் பொண்டாட்டி. அங்க போனா பத்துப் பேருக்கு அக்கா. மாஸ்டரே உப்புப் பாக்கச் சொல்லி என் கையிலதான் ஊத்துவாரு. நீதான் கொழாய் போட்டுருக்கேல்ல, அப்புறம் என்ன?”

“கொழாய் சரியா இழுக்கலக்கா.”

“இழுக்குது, இழுக்குது. முன்னைக்கு இப்பத் தேவல.”

அவள் அப்படிச் சொல்வது தனக்காகத்தான் என்று செம்மலுக்குத் தெரிந்தது. தம்பி செய்த வேலையை அவள் வாயால் குறை சொல்ல மாட்டாள். அவன் முறத்திலிருந்து சிதறிய அரிசியைப் பொறுக்கி அவள் பக்கம் போட்டுவிட்டு வந்தான்.

தை மாதம் ஒரு பெரிய முகூர்த்தம். இரண்டு பக்கமும் வசதியானவர்கள். காலைச் சாப்பாட்டுக்கே பந்தி மேல் பந்தியாக நடந்துகொண்டிருந்தது. அடுப்பு எல்லாம் எரிந்தது. செம்மல் அன்று விடிந்ததுமே வந்து குழாயின் அடிக்கதவைத் திறந்து எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் இடத்தில் கைகழுவிக்கொண்டிருந்தான். புளோயரின் சத்தம் நின்றது.

மேலே மேளம் வேகம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. முகூர்த்த நேரம் நெருங்குகிறது என்று அவனுக்குப் புரிந்தது. பீமுக்கு அடியில் குனிந்து உள்ளே பார்த்தான். இரண்டு வாணலியில் வடை வெந்துகொண்டிருந்தது. இன்னொரு பக்கம் காரக்குழம்புக்குத் தாளிப்பு. கூண்டிலிருந்து புகை திரும்பி வந்தது. ஒரு நிமிடத்தில் மேற்கூரை மறைந்தது. பெரியண்ணன் அடுப்பைக் குறைக்கச் சொல்லிக் கத்தினார். பந்தியில் இலை போட்டாயிற்று என்று இன்னொருவர் பதிலுக்குக் கத்தினார். அந்த மூட்டத்துக்குள் யாரோ விடாமல் இருமும் சத்தம் கேட்டது. அது யாருடைய இருமல் என்று அவனுக்குத் தெரியும்.

உள்ளே போய்த் தோளைப் பிடித்து அக்காவை வெளியே இழுத்துவந்தான். அவள் மூச்சை இழுத்தாள், வரவில்லை. கண் பிதுங்கியது. உறிஞ்சும் மருந்து எங்கே என்றான். கையை ஆட்டினாள். கொண்டுவரவில்லை. அவளைக் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, மற்றப் பெண்களிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினான். உள்ளே இன்னும் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அந்த அறையில் மேனேஜர் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பட்டுவேட்டியில் பெண்ணின் அப்பா.

“சுவிட்சப் போடுங்க சார். கீழ மூச்சு முட்டுது.”

“அஞ்சு நிமிஷம் தம்பி. மாங்கல்யம் எடுத்தாச்சு. அஞ்சே நிமிஷம்.”

“அதுவரைக்கும் தாங்காது சார்.”

செம்மல் கையை நீட்டினான். பெண்ணின் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்கலங்கப் பேசினார்.

“ஐயா, போன தடவ நிச்சயம் பண்ணி நின்னுபோச்சு. இதுல ஒரு தடங்கலும் வந்துரக் கூடாதுய்யா. கொஞ்சம் பொறுத்துக்கங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

அந்த மனிதருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது. செம்மல் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கெட்டிமேளம் வெடித்தது. அவன் என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. கதவிடுக்கு வழியே மணவறை தெரிந்தது. மாப்பிள்ளைப் பையன் தாலிக்கயிற்றின் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு நழுவியது, மறுபடி போட்டான். எல்லாரும் அட்சதை தூவினார்கள். பெண்ணின் அப்பா அவன் கையை விட்டுவிட்டு மேடையைப் பார்த்து ஓடினார். செம்மல் சுவிட்சைப் போட்டான்.

கையை உதறிவிட்டுப் போட்டிருக்கலாம். அவன் அவரைவிட வலுவானவன்தான். பிற்பாடு அதை அவன் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறான். போட்டிருந்தாலும் குழாய் பாதி அடைத்துத்தான் இருந்தது. புளோயர் உறுமியதே தவிர, அவன் கீழே இறங்கி வந்தபோதும் புகை அசைந்ததாகத் தெரியவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகத்தில் மூடியை மாட்டி மருந்துப்புகையை ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் அடைக்கலமேரிக்குப் பேச்சு வந்தது. முதலில் கேட்டது, “ரெண்டாம் பந்திக்கு வடை பத்துச்சா?” என்றுதான். செம்மல் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருமுனைக் கடைக்கு நடந்துபோக இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மகாலுக்குப் போவது அதோடு நின்றது.

ஆவுடையப்பன் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். பையில் ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவந்திருந்தார். பையை அடைக்கலமேரி பக்கத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பின்னாடி கொட்டகை போட்டுக்குறேன்னு சொல்லிட்டேம்மா. ஆனா அந்தப் பக்கந்தான் டீச்சரம்மா வீட்டு வாசலு. அவங்க வேணாங்குறாங்க. அவங்களச் சொல்லியுங் குத்தமில்ல. மேல மொட்டைமாடிக்குக் கொண்டுபோகலாம்னா, அண்டாவத் தூக்க லிப்ட்டு வைக்கணும், அதுக்கும் ஸ்லாப அறுக்கணும். நிலவழகன் கேட்டாச் சாமியாடுறாரு.” பிறகு செம்மல் பக்கம் திரும்பினார். “வேற ஏதாச்சும் வழி இருக்கா தம்பி? நீயே சொல்லு.”

செம்மல் யோசித்துப் பார்த்தான். புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை. “சுவிட்ச மட்டும் கீழ மாத்திக் குடுத்துருங்கண்ணே” என்றான். அதை மறுநாளே மாற்றிக் கொடுத்தார். அது ஒன்றுதான் நடந்தது.

அடைக்கலமேரி இடத்துக்கு கார்த்திகா என்று ஒரு பெண் வந்தாள். இலுப்பூர்ப் பக்கம். செம்மல் மாதத்துக்கு ஒருமுறை போனவன், இப்போது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முதல்நாள் போய்ச் சுரண்டினான். யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏணியில் நின்று, முழங்கைவரை களியாக, அவன் வழித்து வாளியில் போடும்போது கார்த்திகா கீழே நின்று வாளியை மாற்றிக் கொடுப்பாள்.

“அண்ணே, இது எப்பத்தான் சரியாகும்?”

“சரியாகாதும்மா. கொஞ்சம் குறையும்.”

“எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போகாதங்குறாரு.”

செம்மல் வழித்த களியை வாளியில் போட்டான். போகாதே என்று சொல்ல நினைத்தான். அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. “துண்ட நனைச்சு மூக்குல கட்டிக்கம்மா” என்று மட்டும் சொன்னான்.

அந்த வருடம் சித்திரையில் நிலவழகன் போன் செய்தார். புதுக்கோட்டைக்கு வெளியே, விராலிமலை போகிற ரோட்டில், இன்னொரு மகால் எழும்பிக்கொண்டிருந்தது. இதுவும் தூண் இல்லாதது.

“நாளைக்குக் காங்கிரீட் போடுறோம் செம்மல். போடுறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. பீம்ல எங்க ஓட்டை விடணும்னு காட்டுங்க. நான் விட்டுத் தர்றேன்.”

செம்மல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். சாரப்பலகைமேல் ஏறி நின்றான். கீழே கம்பி கட்டிக் கிடந்த பீம்கள், இன்னும் வார்க்காத காலிப் பெட்டிகளாக, வாயைத் திறந்துகொண்டு வரிசையாகப் போயின. எந்த இடம் என்றாலும் நடக்கும். விரலைக் காட்டினால் போதும்.

“கிச்சன் எங்க சார் வருது?”

நிலவழகன் கட்டட முதலாளியைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

“அது இன்னும் முடிவு பண்ணலீங்க. வாஸ்துக்காரர் தென்கிழக்குங்குறாரு. எம்மச்சான் பார்க்கிங் அங்கதான் வேணும்னு நிக்குறாரு. மொதல்ல ஸ்லாபப் போட்டுட்டு, அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கோம்.”

“கிச்சன் எங்கன்னு தெரியாம ஓட்டைய எங்கண்ணே விடுறது?”

“நீங்களே பாத்து எங்கயாச்சும் விடுங்க. ஒங்களுக்குத் தெரியாததா?”

மேஸ்திரி காத்துக்கொண்டு நின்றார். நிலவழகன் மெதுவாக, “எல்லா பீம்லயும் விட முடியாது செம்மல். ஒண்ணு விடலாம். மிஞ்சிப்போனா ரெண்டு” என்றார். செம்மல் பலகைமேல் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். அடுப்பு எங்கே வரும், காற்று எந்தப் பக்கம், பக்கத்து மனையில் நாளைக்கு யார் வீடு கட்டுவார்கள், அவர்கள் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பார்கள். எதுவும் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் தென்கிழக்கு மூலையை ஒட்டிய பீமில் ஒரு இடத்தைச் சாக்பீஸால் குறித்தான். குறித்தபிறகும் நகராமல் அங்கேயே நின்றான். மேஸ்திரி, “எறங்குங்கண்ணே, வேலை கெடக்கு” என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அடைக்கலமேரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிளெஸ்ஸி முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுக்கச் சொல்லியிருந்தாள் போல. மடியில் கீரை.

“போன காரியம் என்னடா ஆச்சு? ஓட்டை விடுறாங்களா?”

“விடுறாங்கக்கா.”

“சரியான எடத்துலதானே?”

செம்மல் வண்டியை நிறுத்திவிட்டு வந்து படியில் உட்கார்ந்தான்.

“தெரியலக்கா. அவங்களுக்கே தெரியல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. செம்மல் எழுந்து உள்ளே போய், ஜன்னல் மாடத்திலிருந்து மருந்தை எடுத்துவந்து குலுக்கிக் கொடுத்தான். அவள் உறிஞ்சிவிட்டு, மூச்சு அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவன் அவள் மடியிலிருந்த கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஆயத் தொடங்கினான்.